மெடிக்கல் போர்டுத் தாளைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள்: கொங்கு மாவட்டங்களின் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உதவி இயக்குநர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் பொறுப்பில் இருக்கும் உங்கள் அனைவருக்குமாகச் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். தரைப்படையில் எழுத்தராகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வுபெற்றவன் நான். பணிக்காலத்தில் ஐந்து ஆண்டுகள், வடக்கே ஒரு ராணுவ மருத்துவமனையில், மெடிக்கல் போர்டுத் தாள்களை, அதாவது வீரரின் உடல்நிலையை மதிப்பிடும் ராணுவ மருத்துவர் குழுவின் அறிக்கைகளை, தட்டச்சு செய்யும் மேசையில் இருந்தேன். இப்போது காங்கேயம் வட்டத்தில் குடியிருக்கிறேன். சுற்றுவட்டாரத்துப் பட்டாளத்துக்காரர்கள் தங்கள் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவது வழக்கமாகிவிட்டது. அப்படி வந்த ஒரு காகிதம்தான் என்னை எழுத வைத்தது.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை, வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வந்தார். ஸ்பின்னிங் மில் ஒன்றில் காவல் வேலை பார்ப்பவர். இரவுப் பணி முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து அவர் எடுத்து நீட்டியது, லேமினேஷன் செய்யப்பட்ட ஒற்றைத் தாள். நாம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைத்தான் அப்படிப் பாதுகாப்போம். பணியிலிருந்து விடுவிக்கும்போது நடத்தப்பட்ட மெடிக்கல் போர்டின் கருத்துப் பக்கம் அது.

"ஏனுங்ணா, முப்பது பர்சென்ட், ஆயுசுக்கும்னு இதுல போட்டிருக்குதுங்க. பன்னெண்டு வருசமாச்சு, ஒரு ரூவா சேர்ந்து வரலீங்க. பேங்குல கேட்டா ஸ்பார்ஷ்ல கேளுங்கறாங்க, அங்க கேட்டா ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கறாங்க" என்றார். ஸ்பார்ஷ் என்பது படைவீரர் ஓய்வூதியத்தை இணையவழியில் வழங்கும் அமைப்பு; ரெக்கார்ட்ஸ் என்பது வீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்.

அவர் சொன்னது பொய்யில்லை. உயர் ரத்த அழுத்தம் என்று நோயின் பெயரும், அதற்கு நேரே 30 விழுக்காடு, ஆயுள் முழுமைக்கும் என்ற மதிப்பீடும் தெளிவாகத் தட்டச்சாகியிருந்தன. ஆனால் அதே வரியில், வலப்பக்கம் இன்னொரு கட்டம் உண்டு. ஓய்வூதியத்துக்குத் தகுதியான நிகர மதிப்பீடு எவ்வளவு என்று கேட்கும் கட்டம். அதில் 'நில்' என்று இருந்தது. அதாவது சுழியம். அவர் முப்பதைப் படித்தார். பக்கத்துக் கட்டத்தை அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் பன்னிரண்டு ஆண்டுகள் அவரை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தது. வர வேண்டிய பணம் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நம்பி, ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுக்கப்பட்டுவிட்டது என்பதே அவருக்குத் தெரியாது. மறுக்கப்பட்டது தெரியாதவர் மேல்முறையீடு எப்படிச் செய்வார்?

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதைப் படிக்கும் படைவீரர் குடும்பங்களுக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன். எங்கள் மக்கள் டிசபிலிட்டி பென்ஷன் என்றே சொல்லிப் பழகிய இந்த ஓய்வூதியத்துக்கு மெடிக்கல் போர்டு இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறது. உடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது ஒன்று. அதற்கு விடை விழுக்காட்டில் வருகிறது, பொதுவாக 20 விழுக்காடாவது இருக்க வேண்டும். அந்தக் கேட்டுக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு உண்டா என்பது மற்றொன்று. பணியால் வந்ததென்றால் 'அட்ரிபியூட்டபிள்'. முன்பே இருந்தோ தானாக வந்தோ பணியால் மோசமானதென்றால் 'அக்ரவேட்டட்'. இரண்டும் இல்லை என்று போர்டு எழுதிவிட்டால், முதல் கேள்விக்கு எவ்வளவு பெரிய எண் விடையாக வந்திருந்தாலும் அது காகிதத்தோடு நின்றுவிடும். இப்படி இரண்டும் இல்லை என்று எழுதுவதைப் பாரக்கில் 'என்.ஏ.என்.ஏ.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருந்தால் விழுக்காடுகளைக் கூட்டிப் போடுவதும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தனியாக ஒரு கூட்டு மதிப்பீடு எழுதுவார்கள். முப்பதும் இருபதும் ஐம்பது என்று கணக்குப் போட்டு வைத்திருந்து ஏமாந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

நம் ஹவில்தாருக்கு என்.ஏ.என்.ஏ. எழுத போர்டு சொன்ன காரணம் ஒன்றரை வரிதான்: அமைதி நிலையத்தில் தொடங்கிய உடற்கூற்று நோய். அதாவது, போர்முனையோ எல்லையோ அல்லாத இடத்தில், உடலின் இயல்பாலேயே வந்த நோய். அவருடைய பணி வரலாற்றை நான் கேட்டு எழுதினேன். லடாக் உயரத்தில் தமக்கு ஒதுக்கப்பட்ட காலம் முழுவதையும் முடித்துவிட்டு, சமவெளியில் இருந்த அமைதி நிலையத்துக்கு இறங்கிய சில மாதங்களில்தான் ரத்த அழுத்தம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. கண்டறிந்த இடம் சமவெளி என்பதால் நோய் பிறந்த இடமும் சமவெளி என்று தாள் சொல்கிறது. படையில் சேர்ந்த நாளில் அவர் உடலில் இந்த நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை.

இங்கேதான் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நினைவுக்கு வர வேண்டும். வலிப்பு நோயால் 1994-இல் வெளியே அனுப்பப்பட்ட அந்த வீரருக்கும் 20 விழுக்காடு என்று எழுதி, உடற்கூற்று நோய், பணியோடு தொடர்பில்லை என்று கைவிரித்திருந்தார்கள். சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் வந்த கேடு பணியின் விளைவு என்ற அனுமானம் வீரருக்குச் சாதகமாக எழும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை படையைச் சேர்ந்தது. போர்டு தன் முடிவுக்குக் காரணம் எழுதியாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு சுக்விந்தர் சிங் வழக்கில், உடல்நிலையைக் காரணம் காட்டி ஒருவரை இடையிலேயே வெளியேற்றினால் அவருடைய இயலாமை 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டதென்றே கொள்ள வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்புகளால் எல்லாருக்கும் தானாகக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவர் தாளும் தனித்தனி. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகளும் நடைமுறையில் உள்ளன; அதற்குப் பின் ஓய்வுபெறுவோரின் கோரிக்கை அவற்றின்படியே பார்க்கப்படும். ஆனால் கேட்கவே தெரியாதவருக்கு எந்தத் தீர்ப்பும் உதவாது.

என் மனத்தை அறுக்கும் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த மேசையில் இருந்த ஐந்து ஆண்டுகளில் என் விரல்கள் எத்தனை முறை 'நில்' என்று தட்டியிருக்கும் என்று எனக்கு நினைவில்லை. மருத்துவ அதிகாரி கையால் எழுதித் தருவார், நான் தட்டச்சு செய்வேன், வீரர் கையெழுத்திடுவார். ஊருக்குப் போகும் அவசரத்தில், மூட்டை முடிச்சு கட்டிய கையோடு வந்து நிற்பவர் எந்தப் பக்கத்தில் கையெழுத்து என்று மட்டுமே கேட்பார். நானும் விரலால் காட்டுவேன். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். இரண்டு நிமிடம் செலவழித்துத் தமிழில் சொல்லியிருக்கலாம். எனக்கு யாரும் தடை போடவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த ஹவில்தாரின் தாளைத் தட்டச்சு செய்தது நானல்லன். வேறொரு மருத்துவமனை, வேறொரு எழுத்தர். இருந்தும் அன்று அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பணக் கணக்கைப் பார்ப்போம். இந்த ஓய்வூதியத்தில் உடற்கேட்டுக்காகத் தரப்படும் பகுதியான இயலாமைக் கூறு என்பது, 100 விழுக்காடு இயலாமைக்குக் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 விழுக்காடு. கணக்குக்கு எளிதாக, கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு இயலாமைக்கு மாதம் 12,000 வரும்; 30 விழுக்காட்டுக்கு 3,600 வரும். ஆனால் அது 3,600-ஓடு நிற்காது. 50-க்குக் குறைவான விழுக்காட்டை 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் முறை 1996 ஜனவரி 1 முதல் செல்லும்படியாக, 2001-இல் பாதுகாப்பு அமைச்சகத்தால் கொண்டுவரப்பட்டது. முதலில் அது இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். 2014 டிசம்பர் 10-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அது உண்டு என்று உறுதி செய்தது. ஆகவே 30 என்பது 50 ஆகி, மாதம் 6,000 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும் சேரும். அகவிலைப்படியை விட்டுவிட்டாலும் ஆண்டுக்கு 72,000 ரூபாய். இரவு முழுவதும் மில் கேட்டில் நிற்கும் ஒருவருக்கு இந்தத் தொகையின் பொருள் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காலம் கடந்தால் இந்தப் பணம் கரைந்துபோகிறது. மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் இரண்டாம் மேல்முறையீடு. அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நமக்கான கிளை சென்னையில் இருக்கிறது. தாமதமானால் உரிமையே போய்விடும் என்று பலர் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 2008-இல் தர்செம் சிங் வழக்கில், 1983-இல் வெளியேற்றப்பட்டு 16 ஆண்டுகள் கழித்து வழக்குத் தொடுத்த வீரரைப் பற்றிப் பேசிய உச்ச நீதிமன்றம், ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் தாமதம் மட்டுமே காரணமாக உரிமையை மறுக்கக் கூடாது, ஆனால் நிலுவைத் தொகை வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு என்று நிறுத்திக்கொள்ளலாம் என்ற வழியைக் காட்டியது. நம் ஹவில்தார் பன்னிரண்டு ஆண்டுகள் லேமினேஷன் தாளோடு அலைந்ததற்கு இதுதான் விலை. இனி வென்றாலும் பழைய ஆண்டுகளின் பணம் பெரும்பாலும் திரும்ப வராது.

2023-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை ஒன்றில், ஓய்வுபெறும் அதிகாரிகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினரும், அதிகாரிகளுக்குக் கீழுள்ள பிற நிலையினரில் ஏறக்குறைய 18 விழுக்காட்டினரும் இந்த ஓய்வூதியம் பெறுவதாகக் குறிக்கப்பட்டிருந்தது. தகுதியில்லாதவர்களும் வாங்குகிறார்கள் என்ற பேச்சு அதையொட்டி எழுந்தது. அப்படி ஒருவர் வாங்கினாலும் அது தவறுதான். நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அதிகாரிக்கும் ஜவானுக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதற்கு வயது, பணிக்காலம் என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் மலையில் அதிக நாள் நின்றவர், அதிக எடை சுமந்தவர், துப்பாக்கிச் சத்தத்துக்கு அருகில் இருந்தவர் ஜவான்தான். போர்டுத் தாளைப் படிக்கத் தெரிந்தவர் கேட்டுப் பெறுகிறார், தெரியாதவர் கையெழுத்திட்டு வருகிறார் என்பதும் அந்தக் காரணங்களுள் ஒன்று என்று, அந்த மேசையில் இருந்தவன் என்ற முறையில் நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. மாதத்தில் ஒரு நாளை, உங்கள் அலுவலகத்தில், மெடிக்கல் போர்டுத் தாளைப் படித்துச் சொல்லும் நாளாக ஒதுக்குங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழில் பொருள் எழுதிய ஒரு விளக்கத் தாளை அச்சிட்டு வையுங்கள். வருபவரை உட்கார வைத்து, அவருடைய தாளையும் விளக்கத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்துப் படித்துக் காட்டுங்கள். மறுப்பாக இருந்தால் மறுப்பு என்று அன்றே சொல்லுங்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த தேதியை உங்கள் பதிவேட்டில் குறித்து, ஆறு மாதம் என்று முடிகிறது என்பதை அவர் கையில் எழுதிக் கொடுங்கள். தாளே இல்லாதவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதும் மனுவைத் தயாரித்துக் கொடுங்கள். ஆள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள். உண்மைதான், கொடிநாள் வசூல் முதல் கல்வி உதவித்தொகை வரை உங்கள் மேசையில் குவிவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ராணுவ மருத்துவப் பிரிவிலும் எழுத்தர் பிரிவிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள் இந்த மாவட்டங்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டம், மாவட்ட அளவிலான படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் அமைப்பதை நோக்கமாகக் கொண்டது. படித்துச் சொல்பவரும் சட்டம் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய் வழக்கறிஞரைத் தேடும் செலவு பலருக்கு மிச்சமாகும்.

மாவட்டத் தலைநகருக்கு வர முடியாதவர்களை மறந்துவிடாதீர்கள். எட்டு, ஒன்பது ஆண்டுப் பணியிலேயே மனநலம் சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஓய்வூதியம் எதுவும் இல்லாமல், ஊர்க்கோடியில் அண்ணன் தம்பி நிழலில் வாழ்ந்து முடிப்பவர்கள் நம் கிராமங்களில் உண்டு. 'பட்டாளத்துக்குப் போய் வந்து இப்படி ஆயிட்டான்' என்று ஊரும் சொல்லும். அந்தச் சொல்லிலேயே ஒரு கோரிக்கை மனு அடங்கியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஓய்வூதியம் இல்லாதவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிட ராணுவ விதி இடம் தருகிறது என்பதால் இவர்களுக்குத்தான் அவசரம் அதிகம். தாராபுரம், கோபி, ராசிபுரம் போன்ற ஊர்களில் முகாம் நடத்தும்போது, கிராம நிர்வாக அலுவலர்கள் வழியாக இவர்களைக் கேட்டு எடுங்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மற்றப் பிரிவுகளுக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகப் பேசப்படும் 40 விழுக்காடு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருவது. படையின் 20 விழுக்காடு அதனோடு தொடர்பற்றது. திங்கட்கிழமை மனுநாளில் 'நாற்பது இருந்தால்தான்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், படையின் ஓய்வூதியமே தமக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

அக்னிவீரர்களாகப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். அவர்களுக்கு டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது. பணியால் ஏற்பட்ட இயலாமை 50, 75, 100 விழுக்காடு என்ற படிகளில் 15, 25, 44 லட்சம் ரூபாய் என ஒருமுறைத் தொகைதான். 50-க்கும் கீழே இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. அதைக் கேட்க வேண்டிய இடம் டெல்லி. நீங்கள் செய்யக்கூடியது, அடிபட்ட அன்றே காயஅறிக்கை எழுதப்பட்டதா என்று கேட்டு அதன் நகலை வைத்துக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்வது. ஆறு மாதம் கழித்து அந்தக் காகிதத்தைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த மேசையில் நான் நிறையவே பார்த்தேன்.

அந்த ஹவில்தாரின் தாளிலிருந்து லேமினேஷனைப் பிரிக்க முடியவில்லை. அப்படியே நகல் எடுத்தோம். லடாக்கில் இருந்த தேதிகளையும், கீழே இறங்கிய தேதியையும், முதன்முதலில் மருத்துவமனையில் சேர்ந்த தேதியையும் அவர் தம் டைரியிலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் விண்ணப்பத்தோடு முதல் மேல்முறையீடு தயாராகிவிட்டது. வரும் வாரத்தில் உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்கு அவர் மஞ்சப்பையோடு வருவார், நானும் உடன் வருவேன். படித்துச் சொல்லும் நாளுக்கு ஆள் தேவைப்பட்டால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்; எந்த மாவட்டமாக இருந்தாலும் வந்து சேர்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சுபேதார் (எழுத்தர்),
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.